கிரிஸின் வயது தோளில் இருக்கிறது: பழைய மோரோ வாள்களைப் பார்க்கப் பழகுவோருக்கு

நான் முதன்முதலில் வாங்கிய கிரிஸ் வாளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஒரு பெரியவரிடம் போனேன். பினாங்கில் வாழும் தமிழர். மலாய்த் தீவுகளின் ஆயுதங்களைப் பார்த்துப் பார்த்தே கண் தேய்ந்தவர். பிடியின் தலையில் கொண்டைக்கிளி, அலகில் பாம்பு நெளிவு, உறையில் சிப்பி வேலை என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் எதையும் காதில் வாங்கவில்லை. “அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, தோளைக் காட்டு” என்றார். பிடிக்குக் கீழே அலகு அகன்று விரியும் இடத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பத்து நிமிடம் பார்த்தார். பிறகு வாளை என் கையில் கொடுத்துவிட்டு, “எவ்வளவு கொடுத்தாய்?” என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே விடை தெரிந்துவிட்டது.

அவர் அன்று என்ன பார்த்தார் என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. புதிதாக இந்தத் துறைக்குள் வருபவருக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. கொஞ்சம் பின்புலம், கொஞ்சம் பொறுமை, ஒரு நல்ல உருப்பெருக்கி போதும்.

மோரோ என்பது ஒரே இனத்தின் பெயரல்ல. பிலிப்பைன்ஸின் தெற்கே மிண்டனாவ் தீவிலும் சூலு தீவுக்கூட்டத்திலும் வாழும் முஸ்லிம் மக்கள் பலரையும் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயர். சூலுவில் தௌசுக், லானாவ் ஏரிக்கரையில் மரனாவ், மிண்டனாவ் ஆற்றுச் சமவெளியில் மகிந்தனாவ், பசிலான் தீவில் யாக்கான், கடலோடு கலந்து வாழும் சாமா என்று பல குடிகள். தங்கள் நாட்டில் வட ஆப்பிரிக்க முஸ்லிம்களை ‘மோரோ’ என்று அழைத்துப் பழகியிருந்த ஸ்பானியர்கள், 1565இல் பிலிப்பைன்ஸில் காலூன்றிய பிறகு இங்கிருந்த முஸ்லிம்களுக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். பகைவர் வைத்த பெயரை அம்மக்கள் பின்னாளில் தங்கள் அடையாளமாகவே ஏந்திக்கொண்டார்கள்.

அவர்களுடைய வாள்களில் மூன்று மிகவும் பேர்பெற்றவை. இலை வடிவில் வயிறு பருத்து, ஒருபக்கம் மட்டும் கூர் உள்ள கனத்த வாள் பரோங். நீண்டு, முனையை நோக்கி அகன்றுகொண்டே போவது கம்பிலான். இரண்டு பக்கமும் கூர் தீட்டப்பட்டு, அடியில் அகன்று, நேராகவோ நெளிந்தோ இருப்பது கிரிஸ். தௌசுக் மக்கள் இதைக் கலிஸ் என்பார்கள். மலாய்க்காரர்கள் சுண்டாங் என்பார்கள். ஏலப் பட்டியல்களில் மூன்று பெயர்களும் வரும். பொருள் ஒன்றுதான்.

ஜாவா, பாலி, மலாய்த் தீபகற்பம் ஆகிய இடங்களின் கெரிஸ் இதற்கு மூத்த உறவு. யுனெஸ்கோ 2005இல் உலக மரபாக அறிவித்தது அந்த இந்தோனேசியக் கெரிஸைத்தான். அது குத்துவாள். அதன் அலகு பெரும்பாலும் ஒரு முழத்துக்கும் குறைவு. மோரோக்கள் அதை நீட்டி, அகலப்படுத்தி, ஓங்கி வெட்டவும் ஏற்ற வாளாக்கிக்கொண்டார்கள். மோரோ கிரிஸின் அலகு பெரும்பாலும் 45 முதல் 60 சென்டிமீட்டர் வரை போகும். குத்துவதும் வெட்டுவதும் வேறு வேறு வேலைகள் என்பதால் உள்கட்டுமானமும் மாறியது. கெரிஸில் பிடிக்குள் நுழையும் காம்பு உருண்டையானது. பிடியை அதன்மேல் திருக முடியும். ஓங்கி வெட்டும்போது பிடி கைக்குள் சுழன்றால், வெட்டியவனின் கதை முடிந்தது. எனவே மோரோ கொல்லர்கள் காம்பை உருண்டையாக விடாமல் பட்டையாக அடித்தார்கள். அதுவும் போதாதென்று உலோகக் கவ்வி வைத்துப் பிடியையும் அலகையும் பிணைத்தார்கள். ஒரு வாளைக் கையில் எடுத்ததும் அது மோரோவா, ஜாவாவா என்று சொல்ல இந்தக் கவ்வியும் அளவும் பொதுவாகப் போதும்.

இனி தோளுக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் நான் அதிக நேரம் நிற்கப்போவது இங்கேதான்.

தோளில் ஒரு கோடு

கிரிஸின் அலகு பிடியை நெருங்குமிடத்தில் இருபுறமும் அகன்று கைக்குக் காப்பாக விரிகிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு முனையில் யானைத் துதிக்கைபோல் சுருண்ட ஒரு நீட்டம், அதற்கடியில் குடைந்தெடுத்த ஒரு சிறு குகை. மறுமுனையில் ரம்பப் பல்போன்ற வெட்டுகள். இந்த விரிவின் மேற்பட்டைக்குக் கங்யா என்று பெயர். இந்தோனேசியர்கள் இதைக் கஞ்சா என்பார்கள். சிரிக்க வேண்டாம், புகைக்கும் சரக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பழைய கிரிஸ்களில் கங்யா தனித் துண்டு. நடுவில் துளையிட்ட உருக்குப் பட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அலகின் காம்பு அந்தத் துளை வழியாக ஏறிப் பிடிக்குள் போகும். பட்டை அலகின் தலையில் வந்து உட்காரும். இரண்டும் சேரும் இடத்தில் தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு தெரியும். நல்ல கொல்லர் பொருத்தியிருந்தால் அந்தக் கோட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெரியவர் பத்து நிமிடம் தேடியது இந்தப் பொருத்துக்கோட்டைத்தான்.

கோட்டின் போக்கு காலத்தோடு மாறியிருக்கிறது. சேகரிப்பாளர்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளும் வரிசை இப்படி: 18ஆம் நூற்றாண்டையும் அதற்கு முந்திய காலத்தையும் சேர்ந்தவை என்று கருதப்படும் வாள்களில் கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓடுகிறது. அந்த வாள்களே உருவத்தில் சிறியவை, ஒல்லியானவை, கெரிஸின் சாயல் இன்னும் முழுதாக விலகாதவை. 19ஆம் நூற்றாண்டில் வாள் பெரிதாகிறது, அலகு அகலமாகிறது. கோடும் நேராக ஓடிவந்து ஒரு முனையை நெருங்கியதும் ஏறக்குறைய 45 பாகையில் சட்டென்று சாய்ந்து திரும்புகிறது. 20ஆம் நூற்றாண்டுக்குள் நுழைந்த பிறகு தனித் துண்டு செய்யும் வழக்கம் தேய்ந்தது. அலகும் கங்யாவும் ஒரே உருக்காக அடிக்கப்பட்டன. ஆனாலும் கோடு இருந்த இடத்தில் கோடு இருக்க வேண்டும் என்று உளியால் ஒரு கீறல் மட்டும் போட்டார்கள். வாசலில் மாக்கோலம் போட நேரமில்லாத வீட்டில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டுவதைப் போல. இன்னும் பிந்தியவற்றில் அந்தக் கீறலும் இல்லாமல் போனதுண்டு.

அப்படியென்றால், உண்மையான பொருத்தையும் வெறும் கீறலையும் எப்படிப் பிரித்தறிவது? முதலில் கோட்டை அதன் முனைவரை பின்தொடருங்கள். உண்மையான பொருத்து தட்டைப் பக்கத்தோடு நின்றுவிடாது. விளிம்பைச் சுற்றி மறுபக்கம் போய் அங்குள்ள கோட்டோடு சேரும். கீறிய கோடு பெரும்பாலும் விளிம்புக்குச் சற்று முன்பே சோர்ந்து நின்றுவிடும். அல்லது இரண்டு பக்கமும் சற்று முன்பின்னாக இருக்கும். அடுத்து, கோட்டின் அடியைப் பாருங்கள். உளி போன வழியில் வாய்க்கால்போல ஒரு தரை தெரியும். பொருத்துக்குத் தரையே கிடையாது. அது இருட்டுக்குள் இறங்கிப் போகும், பல தலைமுறைத் துருவும் எண்ணெயும் அதில் குடியிருக்கும். மூன்றாவது சோதனைதான் எனக்குப் பிடித்தது. அலகு அடுக்கு உருக்கால் ஆனதாக இருந்தால் அதன் மேற்பரப்பில் மரத்தின் வைரம்போல் வரிகள் ஓடும். அந்த வரிகள் கோட்டைத் தாண்டி அப்படியே தொடர்ந்தால் அது ஒரே இரும்பு. கோட்டில் முட்டி நின்று, மேலே வேறொரு போக்கில் புதிதாகத் தொடங்கினால் இரண்டு துண்டுகள். கீறத் தெரிந்தவன் எவனும் இரும்பின் வரியைத் திருப்பிப்போட முடியாது.

இந்த வரிசையைப் பஞ்சாங்கம்போல் பிடித்துக்கொள்ள வேண்டாம். கொல்லர்கள் தாத்தா செய்ததைப் பார்த்துச் செய்தவர்கள். 20ஆம் நூற்றாண்டிலும் தனிக் கங்யா வைத்து அடித்த கை இருந்திருக்கிறது. நேர்க்கோடும் சாய்கோடும் ஒரே காலத்தில் வெவ்வேறு உலைகளில் வாழ்ந்திருக்கின்றன. கோடு எந்தத் திசையில் கை காட்டுகிறது என்று பாருங்கள். பிறகு மற்றச் சாட்சிகளும் அதே திசையைக் காட்டுகின்றனவா என்று கேளுங்கள். எல்லாச் சாட்சிகளும் ஒரே மாதிரி சொல்லும் வாள் அபூர்வம்.

துதிக்கையையும் ரம்பப் பல்லையும்கூட இதே கண்ணோடு பார்க்கலாம். பழைய கையில் அவை ஆழமாக, துணிச்சலாக ராவப்பட்டிருக்கும். அரம் எங்கே திரும்ப வேண்டுமோ அங்கே திரும்பியிருக்கும். பிந்திய கையில் அவை ஓர் ஓரத்தில் போட்ட பற்களாகச் சுருங்கிவிடும். துதிக்கை வெறும் கொக்கியாகிவிடும். செய்தவனுக்கு அது யானை என்பது மறந்துபோயிருக்கிறது என்பதை உலோகமே சொல்லும்.

செவுள்

பிடியையும் கங்யாவையும் கவ்விப் பிடிக்கும் உலோகப் பட்டைக்கு அசாங்-அசாங் என்று பெயர். பிலிப்பைன்ஸ் மொழிகள் சிலவற்றில் அசாங் என்றால் மீனின் செவுள். வாளைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான். இரும்பு, செம்பு, பித்தளை, வெள்ளி, தங்கமும் செம்பும் கலந்த சுவாசா என்று பல உலோகங்களில் கிடைக்கும்.

சில வாள்களில் கவ்வி இரண்டு பக்கமும் இருக்கும், சிலவற்றில் ஒன்று மட்டும். இரண்டு உள்ளவை பொதுவாகப் பழமையின் பக்கம் சாயும். எண்ணிக்கையைவிட அது உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்ப்பதே நல்லது. பழைய கவ்வி கங்யாவின் கீழ்விளிம்பை வளைத்துப் பிடித்து, மறுமுனை பிடியின் கட்டுக்குள் ஆழமாகப் புதைந்திருக்கும். பிந்தியது நகைக்கடைப் பதக்கம்போல் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். ஆடினால் யோசியுங்கள். கவ்வி விழுந்துபோய் அதன் தடம் மட்டும் கங்யாவில் மிஞ்சியிருக்கும் வாள்களும் உண்டு. அந்தத் தடம் வாளின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு பக்கம், குறையாகக் கருதி ஒதுக்க வேண்டாம்.

நெளிவும் இரும்பும்

புதியவர்கள் முதலில் மயங்குவது நெளிவில்தான். நெளிந்த அலகு ஓடும் நாகம், நேரான அலகு உறங்கும் நாகம் என்பது கெரிஸ் மரபில் சொல்லப்படும் விளக்கம். மோரோ கிரிஸ் நெளிந்துதான் இருக்க வேண்டும் என்பதில்லை. முழுக்க நேரானவை நிறைய உண்டு. பாதி நெளிந்து மீதி நேராகப் போகும் அலகுகளும் உண்டு. நேராக இருப்பதாலேயே ‘இது அசல் இல்லை’ என்று நல்ல வாளைக் கைவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

நெளிவுகளை எண்ணும் முறை ஒன்று இருக்கிறது. கங்யாவின் பக்கத்திலிருந்து தொடங்கி, இடம் வலமாக மாறிமாறி வரும் ஒவ்வொரு வளைவையும் எண்ண வேண்டும். முறையாக எண்ணினால் ஒற்றைப்படையில் முடிவதே வழக்கம். எண்ணிக்கையை வைத்து வயது சொல்ல முடியாது. ஆனால் நெளிவின் ஆழம் கொஞ்சம் பேசும். பழைய அலகுகளில் வளைவு பொதுவாக ஆழமாக இருக்கும். 20ஆம் நூற்றாண்டில் அது தளர்ந்து, ஆழமில்லாத அலையாகிவிடுகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை. தலைமுறை தலைமுறையாகத் தீட்டப்பட்ட அலகிலும் நெளிவு தேய்ந்து தட்டையாகும். தேய்ந்ததா, முதலிலேயே தட்டையாகப் பிறந்ததா என்பதைக் கூரின் ஓரத்தில் இரும்பு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதைக் கொண்டு அறியலாம்.

நெளிவு எப்படி உண்டானது என்பது அதைவிட முக்கியம். உலையில் காய்ச்சி, அடித்து, வளைத்துச் செய்த அலகில் உருக்கின் வரிகளும் நெளிவோடு சேர்ந்து நெளியும். நடுவில் கனமாகவும் ஓரங்களில் மெல்லியதாகவும் இருக்கும். தகட்டில் வரைந்து வெட்டியெடுத்த அலகில் வரிகள் இருந்தாலும் நேராகப் போய் விளிம்பில் அறுபடும். கனம் எங்கும் ஒன்றுபோல் இருக்கும். கையில் எடுத்தால் தகரம்போல் தோன்றும். சுற்றுலாப் பயணிக்காகச் செய்யப்பட்டவை பலவும் இந்த வகை.

பழைய மோரோ கொல்லர்கள் இரும்பையும் உருக்கையும் அடுக்கி, மடித்து, சில நேரங்களில் முறுக்கியும் அடித்தார்கள். அதனால் அலகின் முகத்தில் நீரோட்டம் போன்ற கோலம் வரும். வியாபாரி கையில் பளபளவென்று மெருகேற்றப்பட்ட அலகில் அது மறைந்திருக்கலாம். எலுமிச்சையோ வினிகரோ தடவிக் கோலத்தை வெளிக்கொண்டுவரும் வழி இணையமெங்கும் சொல்லப்படுகிறது. தொடக்கத்திலேயே அதில் இறங்க வேண்டாம். மெல்லிய எண்ணெய் தடவி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாலே பாதி தெரிந்துவிடும். அதைத் தாண்டி அமிலம் தேவைப்பட்டால், கை பழகியவரிடம் கொடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவரின் வாளை நான் பார்த்திருக்கிறேன். அது பற்றி எழுதக் கை வரவில்லை.

கொண்டைக்கிளி

பிடியின் தலைக்கு ககத்துவா என்று பெயர். கொண்டைக்கிளிக்கு மலாய் மொழியில் உள்ள பெயரே அது. ஒருபுறம் கொண்டை, மறுபுறம் மூக்கு. பழைய சிறிய வாள்களில் இது அடக்கமாக, குதிரைக் குளம்புபோல் சிறிதாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் கிளியின் உருவம் தெளிவாகிறது, பெரிதாகிறது. நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்ததன் தொடக்கத்திலும் சூலுவின் பெருங்குடியினர் ஏந்திய சில வாள்களில் கொண்டையும் மூக்கும் கைப்பிடி அளவுக்கு நீண்டு பறப்பதுபோல் விரியும். இந்தப் பெரும் வடிவத்தை ஜுங்கயான் என்பார்கள். அந்தக் கிளியோடு போர்க்களத்துக்குப் போயிருக்க முடியுமா என்று பார்த்தவுடனே தோன்றும். அவையில் அமரும்போது இடுப்பில் தெரிய வேண்டிய பொருள் அது.

மரப்பிடிகளுக்கு பனாத்தி என்ற மரத்தை விரும்பினார்கள். அதன் வைரத்தில் வரும் கருமையான சுழல்கள் அழகானவை. செல்வர் வீட்டு வாள்களில் தந்தம் அல்லது வெள்ளித் தகடு. பிடியின் கைபிடிக்கும் பகுதியில் பருத்தி அல்லது நார்க்கயிறு சுற்றி அரக்குப் பூசியிருப்பார்கள். வசதி இருந்தால் வெள்ளிப் பட்டையும் முறுக்குக் கம்பியும் மாறிமாறி வரும்.

தந்தமா எலும்பா என்பதற்கு எளிய வழி உண்டு. யானைத் தந்தத்தை குறுக்கே வெட்டிய முகத்தில் ஒன்றையொன்று வெட்டிப்போகும் வளைகோடுகள் வலைபோல் தெரியும். எலும்பில் கரும்புள்ளிகளும் சிறு கீறல்களும் இருக்கும், ரத்த நாளங்கள் ஓடிய இடங்கள் அவை. தந்தம் என்று உறுதியானால் மகிழ்ச்சியோடு கவலையும் சேர்ந்துவரும். ஆசிய யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தை, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1975 முதலும், ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் வணிகத்தை 1990 முதலும் தடுத்து வைத்திருக்கிறது. எவ்வளவு பழையதென்றாலும், தாளில்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்துறையிடம் போய்விடும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு அலகின் நீளமும் ஒரு கேள்வி. ஆயுதச் சட்டத்தின் விதிகளை வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுவது நல்லது.

பிடியை வைத்து அலகின் வயதைச் சொல்லாதீர்கள். ஒரு மோரோ குடும்பத்தில் வாள் என்பது புசாகா, அதாவது மூதாதையர் விட்டுச்சென்ற பொருள். அலகு நூறாண்டு இருக்கும், பிடி வெடிக்கும், கயிறு அறும். பேரன் புதுப் பிடி போடுவான். சூலுவின் அலகு திருமணச் சீராக மிண்டனாவ் போய் அங்கே மரனாவ் பிடி ஏற்றுக்கொள்ளும். சண்டையில் கைப்பற்றிய அலகுக்கு வென்றவன் தன் ஊர்ப் பிடியைப் போடுவான். அலகு, கங்யா, கவ்வி, பிடி, உறை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிறந்தநாள் உண்டு.

உறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாளோடு ஒட்டி வரும் பொருள்களில் மிக எளிதாக மாறிவிடுவது அதுதான். இரண்டு மரப் பலகைகளைச் சேர்த்துப் பிரம்பால் கட்டியது. மேலே அகன்ற குறுக்குப் பலகை, அதில் சில நேரம் ஒகிர் என்னும் கொடிச் செதுக்கல். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பிரம்புக் கட்டு உளுத்திருந்தால், வாளை உருவும்போது கூர் பலகைகளின் இடுக்கு வழியாக வெளியே வரும். உறையைச் சுற்றி விரல்களை மூடிப் பிடிக்காமல், தட்டையான பக்கங்களில் மட்டும் பிடியுங்கள்.

வாளோடு வரும் கதைகள்

மோரோ வாள்கள் வெளியுலகுக்குப் போன வழிகள் மூன்று. அவை தெரிந்தால், ஒட்டிய சீட்டுகளையும் உறையில் மையால் எழுதிய குறிப்புகளையும் படிக்க முடியும்.

முதல் வழி ஸ்பெயின். சூலு தீவுக்கூட்டத்தில் 1848இல் பலாங்கிங்கி தீவின் மீதும், 1851இல் ஜோலோ தீவின் மீதும், மீண்டும் 1876இல் ஜோலோ மீதும் படையெடுத்த ஸ்பானியர்கள் கொண்டுசென்ற வாள்கள் அந்நாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1887இல் மட்ரிட் நகரில் பிலிப்பைன்ஸ் கண்காட்சி ஒன்றும் நடந்தது. இப்படிக் காலம் உறுதியான வாள்கள்தான் நமக்கு அளவுகோல். ‘இந்த வடிவம் 1876இல் இருந்தது’ என்று தைரியமாகச் சொல்ல முடிவது அவற்றால்தான். உங்களிடம் உள்ளதை அருங்காட்சியகப் படங்களோடு தோள்மேல் தோள் வைத்து ஒப்பிடுங்கள்.

இரண்டாவது வழி அமெரிக்கா, சந்தையில் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது. 1898இல் பிலிப்பைன்ஸ் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவுக்குக் கைமாறியது. 1903 முதல் 1913 வரை மோரோ மாகாணம் என்ற பெயரில் ராணுவ ஆட்சி நடந்தது. 1906 மார்ச்சில் ஜோலோ தீவில் புட் தாஜோ என்னும் மலையின் எரிமலைவாயில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களை அமெரிக்கப் படை சூழ்ந்து, பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. 1913 ஜூனில் புட் பக்சாக்கில் இன்னொரு பெரும் சண்டை. இடையில் 1911இல் ஆளுநர் ஜான் பெர்ஷிங் மோரோக்களின் ஆயுதங்களைப் பறிக்க ஆணையிட்டார். துப்பாக்கியோடு வாள்களும் அதில் அடங்கின. அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சிப்பாய்களின் பெட்டிகளில் ஏறிப்போன வாள்கள்தான் இன்று அமெரிக்கப் பாட்டன்மார் வீட்டுப் பரணிலிருந்து இறங்கிவருகின்றன.

அவற்றோடு கதையும் இறங்கிவரும். ‘புட் தாஜோவில் ஒரு வீரனின் கையிலிருந்து பிடுங்கியது’ என்பார்கள். இருக்கலாம். சிப்பாய்கள் பலர் அவற்றைச் சந்தையில் காசு கொடுத்தே வாங்கினார்கள். சண்டையில் பிடுங்கியது என்றால் வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை, ஏலத்தில் ஒரு கூடுதல் விலை. கதை எவ்வளவு உருக்கமானதோ அந்த அளவுக்குக் கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமல் இருங்கள் என்பது என் வழக்கம். அதே சமயம், கதை உண்மையாகவே இருந்துவிட்டால், நீங்கள் கையில் வைத்திருப்பது கொல்லப்பட்ட ஒருவரின் குடும்பச் சொத்து என்பதும் உண்மை. அந்த எண்ணம் வராமல் ஒரு கிரிஸை நான் இதுவரை துடைத்ததில்லை.

‘1906’ என்று தேதியிட்ட சீட்டு உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், வாள் 1906க்கு முன் செய்யப்பட்டது என்பதை மட்டுமே அது சொல்லும். இரண்டு ஆண்டு முன்பா, இருநூறு ஆண்டு முன்பா என்பதற்குத் திரும்பவும் தோளிடம்தான் போக வேண்டும்.

மூன்றாவது வழி கடைத்தெரு. ஆயுதம் பறிக்கப்பட்ட பிறகு கொல்லருக்கு வாள் வேலை குறைந்தது. வாங்க வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரை எதிர்த்த மோரோக்கள் மீண்டும் வாள் ஏந்தினார்கள் என்பது உண்மை. போர் முடிவில் வந்து குவிந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு நினைவுப்பொருள் தேவைப்பட்டதும் உண்மை. லானாவ் ஏரிக்கரையின் துகாயா போன்ற ஊர்களில் பித்தளை வேலையும் சிப்பி பதிக்கும் வேலையும் இன்றும் அருமையாக நடக்கின்றன. அந்த அழகு உறையில் பளிச்சென்று தெரியும், உள்ளே அலகு மெலிந்த தகடாக இருக்கலாம். அதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனமில்லை, அது வேறு சந்தைக்குச் செய்த வேறு பொருள். ‘18ஆம் நூற்றாண்டு’ என்று அதன்மேல் சீட்டு ஒட்டும் வியாபாரிதான் ஏமாற்றுகிறார்.

பிந்தியவற்றைக் காட்டிக்கொடுக்கும் சாட்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது அலுமினியம். 1886இல் மின்னாற்பகுப்பு முறை கண்டுபிடிக்கப்படும் வரை அது வெள்ளியைப்போல் அரிய உலோகம். எனவே பிடியில் வெள்ளிபோல் மின்னும் வளையம் கறுக்காமல், சாம்பல் பூத்து, எடையில்லாமல் இருந்தால் அந்த வளையம் 20ஆம் நூற்றாண்டின் கை. வளையம் மட்டும்தான், அலகு இன்னும் விசாரணையில் இருக்கிறது. கூட்டல்குறித் தலை உள்ள திருகாணி தெரிந்தால் 1930களுக்குப் பின் ஒருவர் அதைத் திறந்திருக்கிறார். பழைய பிடிக்குள் அலகைக் குங்கிலியம் போன்ற மரப்பிசின்தான் பிடித்து நிறுத்தும். அங்கே கண்ணாடிபோல் தெளிந்த ரசாயனப் பசை தெரிந்தால் அண்மையில் யாரோ சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது குறைவு. வெறுங்கையால் அலகைத் தொட்டால் வியர்வை உப்பு துருவாகும், துடைத்துவிடுங்கள். தையல் எந்திரத்துக்கு ஊற்றும் மெல்லிய எண்ணெய் போதும். பிசினைச் சூடாக்கிப் பிடியைக் கழற்றிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். காம்பில் என்ன இருக்கிறது என்று அறியும் ஆவல் எனக்கும் உண்டு. தந்தமும் பழைய அரக்கும் சூட்டில் வெடிக்கும் என்பதால் நான் அந்த ஆவலை அடக்கிக்கொள்கிறேன்.

பெரியவரிடம் கொண்டுபோன என் முதல் கிரிஸுக்கு வருகிறேன். தோளில் இருந்தது உளிக்கீறல். ஒரு பக்கம் விளிம்புக்கு முன்பே நின்றுவிட்டிருந்தது. நெளிவு தகட்டில் வெட்டியது. கவ்வி ஒட்டு. உறை புதுசு. ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்துவிட்டு, நான் எழுந்திருக்கும் நேரத்தில் அவர் பிடியைத் திருப்பிப் பார்த்தார். கிளியின் மூக்கு உள்ளங்கை பட்டுப்பட்டு வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. கழுத்தில் புதுப் பசை, அதற்கடியில் கறுத்த பழைய பிசின். “இது மட்டும் பழசு தம்பி. உன் அலகுக்குத் தாத்தா வயது இருக்கும்” என்றார். எந்த நல்ல வாளிலிருந்து கழற்றி இந்தத் தகட்டில் செருகினார்களோ தெரியாது. அந்தக் கிளியைத் தனியே வைத்திருக்கிறேன். அதற்குரிய தோளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.